தோலும் கூலியும் – 12: வாசற்படி தாண்டிய தொழிற்சாலை

இதுவரை: 1921-ல் சென்னை பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தத்தில், ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள் சாதியால் இரண்டாகப் பிளந்தார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. 1954 குடியாத்தம் இடைத்தேர்தலில், முதலமைச்சர் காமராஜரை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே.கோதண்டராமன் நின்றார். தோற்றாலும், செங்கொடிக்கு இந்த மண்ணில் வேர் இருக்கிறது என்பதை அந்தப் போட்டி நாட்டுக்குச் சொன்னது.

சென்ற வாரம் ஒரு கேள்வியில் நிறுத்தினோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் இந்தப் பாலாற்றங்கரையில், முதலாளி இந்தப் பக்கம், தொழிலாளி அந்தப் பக்கம் என்று பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது?

1954-ல் இதற்குப் பதில் சொல்வது சுலபம். தோல் பதனிடும் டேனரியின் கேட்டைக் கைகாட்டினால் போதும். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கேட்டே இடம் மாறிவிட்டது. அது எப்படி மாறியது என்பதுதான் இந்த வாரக் கதை.

*

பாதியில் நின்ற அத்தியாயம்

முதலில் லண்டனுக்குப் போய் வர வேண்டும்.

‘மூலதனம்’ நூலின் மூன்றாம் பாகத்தை, மார்க்ஸ் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1894-ல் எங்கெல்ஸ் வெளியிட்டார். அதன் கடைசி அத்தியாயம் ஐம்பத்திரண்டாவது. தலைப்பு: வர்க்கங்கள்.

வாழ்நாளெல்லாம் வர்க்கத்தைப் பற்றியே எழுதிய மனிதர், வர்க்கம் என்றால் என்ன என்று வரையறுக்க உட்கார்ந்த இடம் அது. ஒரு பக்கத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. கைப்பிரதி இங்கே முறிகிறது என்று எங்கெல்ஸ் ஒரு வரி சேர்த்து முடித்துவிட்டார்.

மரணம் வந்து பேனாவைப் பிடுங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தக் கைப்பிரதி 1860-களின் நடுவில் எழுதப்பட்டது. அதன் பிறகு மார்க்ஸ் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்தப் பக்கத்தை முடிக்கவில்லை.

அந்தச் சிறு பக்கத்தில் என்ன இருக்கிறது? கூலியில் வாழும் உழைப்பாளர், லாபத்தில் வாழும் முதலாளி, நிலவாடகையில் வாழும் நிலவுடைமையாளர் என்று மூன்று பெரும் வர்க்கங்களைச் சொல்கிறார். முதலாளித்துவம் மிக வளர்ந்த இங்கிலாந்தில்கூட நடுத்தட்டுகள் குறுக்கே வந்து எல்லைக்கோட்டைக் கலைக்கின்றன என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு கேட்கிறார்: வருமானம் வரும் வழி ஒன்றாக இருந்தால் அது ஒரு வர்க்கமா? அப்படியானால் மருத்துவர்கள் ஒரு வர்க்கம், அரசு அலுவலர்கள் இன்னொரு வர்க்கம் என்று ஆகிவிடுமே? நிலவுடைமையாளரிலேயே திராட்சைத் தோட்டக்காரர், காட்டுக்காரர், சுரங்கக்காரர் என்று பிரித்துக்கொண்டே போகலாமே?

இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

விடை சொல்லவில்லையே தவிர, விடை எங்கே இல்லை என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிட்டது. எவ்வளவு சம்பாதிக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்பதில் வர்க்கம் இல்லை. உற்பத்திக் கருவிகள் யார் கையில், யாருடைய உழைப்பின் மீது யாருக்கு அதிகாரம், மிஞ்சுவது யாருக்குப் போகிறது – மார்க்ஸின் மற்ற எழுத்துகளெல்லாம் இந்த உறவைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வர்க்கம் என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. ஒருவரைத் தனியாக நிறுத்திப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம்.

*

சுண்ணாம்புக் குழி

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பாதை பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது. ஆற்று மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர். சுற்றுக் காடுகளில் ஆவாரம்பட்டை. சென்னைக்குச் சரக்கு அனுப்ப ரயில். டேனரிகள் இங்கே வந்து உட்கார்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அன்றைய தொழில் முறை இப்படி. உப்பிட்ட பச்சைத்தோலை ஊறவைத்து உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. நாட்கணக்கில் அதில் கிடந்து மயிர்க்கால் இளகும். எடுத்துச் சாய்வான கட்டை மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் ஒரு பக்கம் மயிரையும் மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் வழிக்க வேண்டும். அதன் பின் ஆவாரம்பட்டைச் சாறு, கடுக்காய், எண்ணெய். வாரக்கணக்கில் ஆகும். ஊறிய எருமைத்தோலின் கனம் தூக்கியவருக்குத்தான் தெரியும். சுண்ணாம்பு தின்ற விரல்களும் கால்களும் வெடித்து, வெடிப்பில் மறுநாளும் சுண்ணாம்பு ஏறும்.

இப்படிப் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோல் இதுதான். 1916 முதல் அரசே கட்டுப்பாடு வைத்து வாங்கிக்கொண்டது.

இந்தக் குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். டேனரி உரிமையாளர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் வியாபாரத்தோடு பின்னிப் பிணைந்தவர்கள். தோலில் வந்த பணம் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் மாறியது. 1919-ல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி இன்றும் நிற்கிறது. இதையும் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது.

மார்க்ஸின் அளவுகோல் இங்கே சிக்கலின்றிப் பொருந்துகிறது. குழியும் தோலும் பட்டையும் ஒருவருக்குச் சொந்தம். உழைப்பைத் தவிர விற்க எதுவும் இல்லாதவர் இன்னொருவர். நடுவில் ஒரு மேஸ்திரி.

ஆனால் ஏன் குறிப்பிட்ட மக்களே தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள்? அந்த அளவுகோல் தனியாக இதற்கு விடை சொல்லாது. 1931-ல் ‘கம்யூனிஸ்ட் அறிக்கை’யின் தமிழாக்கத்தைக் ‘குடி அரசு’ வெளியிட்டபோது, பெரியார் தம் முன்னுரையில் இதைத்தான் தொட்டார். மற்ற நாடுகளில் பணக்காரன், ஏழை என்ற பிரிவு முதலில் நிற்கிறது. இங்கே மேல்சாதி, கீழ்ச்சாதி என்ற பிரிவு அதற்கு முன்னால் நின்று அரண் கட்டுகிறது என்பது அவர் வாதம். ஐந்து ஆண்டுகள் கழித்து, சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் எழுதினார்.

தோலைத் தொட்டால் தீட்டு என்று ஒரு சமூகம் ஒதுங்கும்போது, தொடுகிறவரின் கூலியும் இறங்குகிறது. வேறு வேலைக்குப் போகிறேன் என்று மிரட்ட அவருக்கு வழியில்லை அல்லவா? என் பார்வையில், டேனரிக் கூலியைச் சாதியை விட்டுவிட்டுக் கணக்குப் போடவே முடியாது.

*

டெல்லியில் ஒரு முடிவு

1970-களின் தொடக்கம். நம் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு பாதி பதனிட்ட தோல். நாம் குழியில் இறங்கிக் கொடுத்ததை இத்தாலியிலும் பிரிட்டனிலும் மெருகேற்றி, ஷூவாகவும் பையாகவும் தைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள்.

இந்த நிலை நாட்டுக்கு நஷ்டம் என்று பேசியவர்களில் முக்கியமானவர், சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் நாயுடம்மா. அந்த நிலையம் 1948-ல் தொடங்கியது. ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த விஞ்ஞானி அல்லர் அவர். டேனரிக்காரர்களையும் அரசையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தவர்.

1972-ல் மத்திய அரசு சீதாராமையா குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டே முடிவுகள் வந்துவிட்டன. பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. பாதி பதனிட்ட தோலுக்கு ஒதுக்கீடு, அதுவும் படிப்படியாகக் குறையும். முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் தோல் பொருட்களுக்கும் ஊக்கம்.

தேசத்துக்கு அந்நியச் செலாவணி, உள்ளூரில் வேலை. இரண்டும் உண்மையாகவே நடந்தன. ஆவாரம்பட்டைத் தொட்டிகள் பின்வாங்கி, குரோமியம் போட்டுச் சுழலும் மரப் பீப்பாய்கள் வந்தன. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஆம்பூர் ஷூ ஊராக மாறியது. விடிகாலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் போய்ப் பெண்களை ஏற்றி வந்தது. குழிக்குள் ஆண்கள் இறங்கிய தொழிலில், தையல் மிஷின் முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண்களின் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வயலில் களை பறித்த கைக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. அட்டை. தம்பியைப் படிக்க வைத்த அக்காமார்கள் இந்தப் பகுதியில் ஏராளம்.

ஆனால் அதே 1973 முடிவு, முதலாளி–தொழிலாளி எல்லைக்கோட்டையும் கலைத்துவிட்டது.

*

யார் முதலாளி?

மெருகேற்றும் மிஷின்கள் விலை அதிகம். ஏற்றுமதி ஆர்டர் பிடிக்க வெளிநாட்டுத் தொடர்பு வேண்டும். இரண்டும் இருந்த குடும்பங்கள் ஏற்றுமதியாளர் ஆனார்கள். இல்லாத சிறு டேனரிக்காரர்கள் பலர் ‘ஜாப் ஒர்க்’குக்கு இறங்கினார்கள். அடுத்தவர் தோலை வாங்கித் தம் பீப்பாயில் போட்டுப் பதனிட்டுக் கொடுத்து, கூலி வாங்குவது.

இவர் யார்? கொட்டகை இவருடையது, பீப்பாய் இவருடையது, இருபது பேர் இவரிடம் வேலை பார்க்கிறார்கள். அந்த இருபது பேருக்கு இவர் முதலாளி. ஆனால் தோல் இவருடையது அல்ல, விலை இவர் கையில் இல்லை, ஆர்டர் நின்றால் இவரும் நிற்க வேண்டியதுதான். ஏற்றுமதியாளர் வீட்டு வாசலில் பாக்கிக்குக் காத்திருக்கும்போது இவர் யார்?

அமெரிக்க சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட், 1970-களில் இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் யோசித்தார். மேலாளர், மேற்பார்வையாளர் போன்றோர் ஒரே நேரத்தில் இரண்டு வர்க்கங்களின் குணத்தையும் சுமக்கும் முரண்பட்ட இடத்தில் நிற்கிறார்கள் என்றார். நம்மூர் மேஸ்திரியை அப்படியே அந்த இடத்தில் நிறுத்தலாம். கூலி வாங்குகிறவர், ஆனால் அடுத்தவர் கூலியைப் பிடிக்கும் அதிகாரமும் அவரிடம்.

மேலே உள்ள குழப்பம் இது. கீழே அதைவிடப் பெரிய குழப்பம் காத்திருந்தது.

*

திண்ணையில் ஒரு ஜோடி

எல்லா ஷூவையும் மிஷின் தைத்துவிடாது. லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போடும் ஷூவில், முன்பக்கம் மேடாகச் சுருக்கு வைத்து ஒரு தையல் ஓடும் பாருங்கள், அது கையால் தைத்தால்தான் எடுப்பாக இருக்கும். இந்த வேலை தொழிற்சாலையை விட்டு வெளியே போனது. ஆம்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடுகளுக்குள் நுழைந்தது.

ஏஜெண்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். வெட்டி, துளையிட்ட தோல் துண்டுகள், நூல். சமையல் முடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அந்த அம்மா திண்ணையில் உட்காருவார். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, துளைக்குத் துளை ஊசியைச் செலுத்தி, ஒவ்வொரு தையலுக்கும் நூலை இறுக்கி இழுக்க வேண்டும். தளர்ந்தால் சுருக்கு விழாது. அளவுக்கு மேல் இழுத்தால் துளை கிழியும். நூல் ஓடும் இடத்தில் விரல் மடிப்பு அறுபடும். சாயங்காலம் ஆனால் கழுத்தும் இடுப்பும் கேட்காது, கண் எரியும். கூலி நாளுக்கு அல்ல, ஜோடிக்கு. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியான கள ஆய்வு, ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் கீழ் என்று பதிவு செய்தது. அந்த ஷூ ஐரோப்பியக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றது.

தையல் சரியில்லை என்றால் ஏஜெண்ட் திருப்பிப் போட்டுவிடுவார். பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

மார்க்ஸ் இதைப் பார்த்திருக்கிறார். ‘மூலதனம்’ முதல் பாகத்தில், 1867-ல், அயர்லாந்தின் லண்டன்டெரி ஊரில் இருந்த ஒரு சட்டைத் தொழிற்சாலையைச் சொல்கிறார். ஆலைக்குள் 1,000 பேர். வெளியே வீடு வீடாக 9,000 பேர். வீட்டுத் தொழில் என்பது பழைய காலத்தின் மிச்சம் அல்ல, அது தொழிற்சாலையின் வெளிப்பிரிவாக மாறிவிட்டது என்பது அவர் காட்டிய உண்மை. அதே நூலில் துண்டுக்கூலி பற்றிய அத்தியாயத்தில், இந்தக் கூலிமுறை எப்படி நடுவில் தரகர்களை வளர்க்கிறது என்றும் விளக்கியிருக்கிறார். முதலாளி கொடுப்பதற்கும் உழைப்பவர் வாங்குவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் தரகரின் பிழைப்பு. உழைப்பவரை அவசரப்படுத்த மேற்பார்வையாளர் தேவையில்லை. கூலியே அந்த வேலையைச் செய்துவிடும்.

திண்ணையில் உட்கார்ந்த பெண்ணைக் கேட்டால், “நான் எங்கேயும் வேலைக்குப் போகல, சும்மா வீட்லதான் இருக்கேன், ஷூ தைக்கிறேன்” என்பார். கம்பெனி அவரை அறியாது. அவருக்கும் கம்பெனிப் பெயர் பெரும்பாலும் தெரியாது. பக்கத்துத் தெருவில் அதே மாதிரித் தைக்கும் பெண்ணுக்கு ஜோடிக்கு என்ன கூலி என்பதும் தெரியாமல் இருக்கலாம். பிரான்ஸின் சிறுவிவசாயிகளைப் பற்றி 1852-ல் எழுதும்போது மார்க்ஸ் இந்த நிலைமையைத்தான் விவரித்தார். ஒரே மாதிரி வாழ்கிறார்கள், அந்த வகையில் ஒரு வர்க்கம். ஒருவரோடு ஒருவர் கூடிப் பேச வழியில்லை, அந்த வகையில் வர்க்கம் அல்ல.

*

பக்கத்துத் தெருவின் பீடி

இதே வட்டாரத்தில், குடியாத்தத்திலும் வேலூரிலும், இன்னொரு திண்ணை உண்டு. அங்கே மடியில் முறம். அதில் பீடி இலையும் தூளும். அதுவும் பெண், அதுவும் வீடு, அதுவும் எண்ணிக்கைக்குக் கூலி.

இரண்டு தொழிலும் அரசு ஆவணத்தில் ஒரு முறை ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, புகையிலை, தோல் பதனிடுதல் – இவற்றில் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து பி.வி.நாராயணசாமி நாயுடு 1947-ல் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையிலும் பீடியும் தோலும் இருந்தன. வீட்டுக்குப் பொருள் வாங்கிப் போய் வேலை செய்பவரையும் அந்தச் சட்டம் தொழிலாளி என்றே கணக்கில் எடுத்தது.

பிறகு பாதை பிரிந்தது. பீடித் தொழிலாளர் சங்கங்கள் விடவில்லை. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது எழுதி வைத்தது. 1976-ல் நல நிதிச் சட்டம். பிறகு அடையாள அட்டை.

அப்போதும் பீடி நிறுவனங்கள் விடவில்லை. வீட்டில் சுற்றும் பெண் எங்கள் ஆள் அல்ல, நாங்கள் மேற்பார்வையே செய்யவில்லை, அவருக்கு ஏன் வருங்கால வைப்பு நிதி என்று வழக்காடின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1985-ல் தீர்ப்பு. நீதிபதிகள் கவனித்தது ஒரு சிறிய விஷயத்தை. சுற்றிக் கொண்டுவரும் பீடியில் தரம் இல்லாததைக் கழித்துத் தள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது? நிறுவனத்திடம். கழிக்கும் உரிமை இருந்தால் அதுவே மேற்பார்வை, அதுவே கட்டுப்பாடு. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதில்லை. எனவே அந்தப் பெண் தொழிலாளி. வைப்பு நிதி உண்டு.

மார்க்ஸ் பாதியில் விட்ட பக்கத்துக்கு நம் நாட்டில் எழுதப்பட்ட மிக நல்ல வரிகளில் ஒன்றாக இந்தத் தீர்ப்பை நான் கருதுகிறேன். அதை எழுதிய நீதிபதிகள் மார்க்ஸை நினைக்கவில்லை, சட்டத்தைத்தான் படித்தார்கள். ஆனால் கூரை யாருடையது, ஊசி யாருடையது என்ற கேள்விகளைத் தள்ளிவிட்டு, யார் யாருக்கு இல்லை என்று சொல்ல முடியும் என்ற உறவில் கையை வைத்தார்கள்.

அந்த அளவுகோலைத் திண்ணை மாற்றி வைத்துப் பாருங்கள். ஏஜெண்ட் திருப்பிப் போட்ட அந்த ஜோடி ஷூவும் கழிக்கப்பட்டதுதான். உறவில் ஒரு வித்தியாசமும் இல்லை. பீடி சுற்றும் பெண்ணுக்கு அட்டையும் தனிச் சட்டமும் கிடைத்தன. ஷூ தைக்கும் பெண்ணுக்கு அவை கிடைக்கவில்லை. காரணம், பீடிக்காரர்களுக்குப் பல பத்தாண்டுச் சங்கம் இருந்தது. ஷூவுக்குப் பின்னால் ஏஜெண்ட், அவருக்குப் பின்னால் கான்டிராக்டர், அவருக்குப் பின்னால் கம்பெனி, அதற்கும் பின்னால் கடல் கடந்த கடை. கூலி கேட்க எந்தக் கதவைத் தட்டுவது என்பதே தெரியாத அளவுக்கு நீண்டது அந்தச் சங்கிலி.

*

ஆறு குறுக்கே வருகிறது

முதலாளி, தொழிலாளி, நடுவில் நிற்பவர், கணக்கிலேயே வராதவர் என்று இதுவரை தோலைச் சுற்றியே பேசினோம். மார்க்ஸின் அந்தப் பக்கத்தில் மூன்றாவது ஒருவர் இருந்தாரே, நிலத்தில் வாழ்பவர்?

1973 முடிவு வேகப்படுத்திய டேனரிகள், உப்பும் குரோமியமும் கலந்த தண்ணீரைப் பாலாற்றிலும் ஏரிகளிலும் விட்டுக்கொண்டிருந்தன. கிணறுகள் உப்புக் கரித்தன. கரையோர நிலங்களில் பயிர் கருகியது. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேராக உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. நூற்றுக்கணக்கான டேனரிகள் கதவடைக்க நேரலாம் என்ற நிலை வந்தது.

காலையில் டேனரிக்குப் போய்க் கூலி வாங்குபவரும், கிணறு கெட்டுப்போன அரை ஏக்கர்க்காரரும், இந்தக் கரையில் பல வீடுகளில் ஒரே குடும்பம். அண்ணன் பீப்பாயடியில், அப்பா வயலில், அக்கா மிஷினில், அம்மா திண்ணையில்.

வழக்கு டெல்லியில் நடந்தபோது, அந்த வீடு எந்தப் பக்கம் நின்றது?

(அடுத்த வாரம்)